“ஆடாதடா!”

“அம்மாவுக்குத் தொண்டையில் கரண்டு வைக்கணும்னு வரச்சொன்னாங்க. முகத்துக்கு அச்சு எடுத்து, ஒரு ஸ்கேனும் எடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. இழுத்தடிக்கிறாங்களா?” என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

இல்லை ஐயா. வைத்தியத்தில் பாதி அந்த அச்சுதான்.

தொண்டைப் புற்றுக்கு வாரம் 5 நாள் வீதம் 30, 35 தடவை கதிர் (நீங்கள் கரண்டு என்கிறீர்களே, அதுதான்) வைப்பது வழக்கம். ஸ்கேன் அன்று படுத்தது போலவே அத்தனை தடவையும் படுக்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு முடிவெட்டியவர் இடக்கையால் உச்சந்தலையை அமுக்கிக்கொண்டு “ஆடாதடா” என்பார். அந்தக் கையின் வேலையை இங்கே ஒரு பிளாஸ்டிக் வலை செய்கிறது.

சாதாரணமாக அது விறைத்த தகடு. 70 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீரில் போட்டால், ரசத்தில் விழுந்த அப்பளமாகத் துவண்டுவிடும். ஈரத்தை ஒற்றி, முகத்தின் மேல் இழுத்துப் படிய வைப்பார்கள். சில நிமிடங்களில் மூக்கும் தாடையும் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். துளைகள் இருப்பதால் மூச்சு முட்டாது. ஓரங்களைப் படுக்கையோடு பூட்டி, மூடியில் போட்ட குறிகள்மேல் லேசர் கோடுகள் விழும்வரை கட்டிலை நகர்த்துவார்கள். புது எந்திரங்களில் கதிர் வைக்குமுன் அங்கேயே படம் எடுத்து, பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டு, மில்லிமீட்டர் கணக்கில் திருத்துகிறார்கள்.

மில்லிமீட்டருக்கா இத்தனை பாடு? 4 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கட்டி என்று வையுங்கள். ஆள் அசையக்கூடும் என்று சுற்றிலும் 5 மி.மீ. விட்டுக் குறிவைத்தால் விட்டம் 5 செ.மீ. கன அளவோ ஏறக்குறைய இரண்டு மடங்கு! நானும் நம்பாமல் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கூடியதில் பெரும்பகுதி நல்ல சதை. உமிழ்நீர்ச் சுரப்பி அதில் சிக்கினால் வாய் வறண்டே போகும்.

கோடிக்கணக்கில் எந்திரம் வாங்கினால் ரிப்பன் வெட்டிப் படம் போடுகிறோம். தினமும் குனிந்து கோடு பார்க்கும் டெக்னீஷியன் எந்தப் படத்திலும் இல்லை. வீட்டிலும் அலட்சியம்தான். மார்புக்கோ வயிற்றுக்கோ கதிர் வைக்கும்போது தோலிலேயே மையால் போட்ட குறியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, திட்டுவார்களே என்று பால்பாயிண்ட் பேனாவால் தாங்களே வரைந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. அழிந்தது அழிந்ததாகவே இருக்கட்டும், போய்ச் சொல்லுங்கள்.

வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் அம்மா இளைத்துப்போகலாம். மூடி தொளதொளவென்று ஆனால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் புதிதாக அச்சு எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்வார்கள். அதையும் இழுத்தடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.