இழுத்தால் சூடு, விட்டால் குளிர்

ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடி சற்றுப் பொறுத்துவிட்டுத் தளர்த்தினால் சில்லென்றிருக்கும். இதை 1805-இல் எழுதி வெளியிட்டவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊர்க்காரரான ஜான் காஃப். சிறுவயதிலேயே அம்மை நோயில் பார்வை போனவர். தெர்மாமீட்டரைப் படிக்க முடியாதவருக்கு உதடே கருவியானது.

ரப்பரின் இந்தக் குணம் உலோகத்துக்கும் உண்டு, ஆனால் எல்லா உலோகத்துக்கும் அல்ல. எஃகுக் கம்பியை இழுத்தால் ஒரு டிகிரிகூட மாறாது. நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி கலந்த நிட்டினாலோ 20 டிகிரி வரை சூடேறும். அமெரிக்கக் கடற்படையின் மேரிலாந்து ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் உருவாக்கிய கலவை இது. 1960-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், மடித்து வைத்திருந்த நிட்டினால் பட்டையை ஒருவர் லைட்டரால் சுட்டுப் பார்க்க, அது தானாகவே நிமிர்ந்துகொண்டது. உருநினைவு உலோகம் என்று பெயர் வந்தது அந்தக் குணத்தால்தான். இன்று ஸ்டென்ட்டிலும், பல் வரிசையைச் சீராக்கும் கம்பியிலும் இருக்கிறது.

இழுவிசை ஏறும்போது நிட்டினாலுக்குள் அணுக்களின் அடுக்கு மாறுகிறது, ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட் ஆகிறது. நீராவி நீராகும்போது உள்ளுறை வெப்பம் வெளிவருமே, அதுவே இங்கே திடப்பொருளுக்குள் நடக்கிறது. அந்தச் சூட்டைக் காற்றிலோ நீரிலோ கழித்துவிட்டு விசையை விட்டால், உலோகம் பழைய அடுக்குக்குத் திரும்பும். அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்ந்துபோகும்.

இந்தக் குளிர்ச்சியை வைத்து ஏசி செய்தால், கசிவதற்கு அதில் வாயு இல்லை. இன்றைய பல வீட்டு ஏசிகளில் உள்ள ஆர்-32, எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு புவியைச் சூடாக்கும். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் உடன்பட்டன. அமெரிக்க எரிசக்தித் துறையின் 2014 அறிக்கையும் மாற்று வழிகளில் இந்த உலோகக் குளிர்விப்புக்கே முதலிடம் தந்தது.

குளிர்ச்சியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, ஆயுளைப் பற்றித்தான் சந்தேகம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பியின் அணு அடுக்கை மாற்றவே சுமார் 50 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும். அதையே ஓயாமல் செய்தால் நுண்விரிசல் விழுந்து கம்பி அறுந்துபோகும். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தார் நிக்கல், டைட்டானியத்தோடு செம்பும் கோபால்ட்டும் சேர்த்த மெல்லிய படலம் ஒரு கோடி முறை தாங்கியதாக 2015-இல் காட்டினார்கள். அபாரம்தான். ஆனால் நொடிக்கு ஒரு முறை இழுத்துவிட்டால் அது 116 நாள் கணக்கு. தினம் 8 மணி நேரம் ஓடும் ஏசிக்கு ஓராண்டுகூட வராது.

இழுக்காமல் அமுக்கினால் விரிசல் வாய் பிளக்காது, ஆயுள் கூடும். அதனால்தான் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் மெல்லிய குழாய்களை அமுக்குகிறார்கள். 2025-இல் அவர்களின் இயந்திரம் ஒரு கிலோவாட்டைத் தாண்டியது. வெளியே 30 டிகிரி இருக்க, சிறு மாதிரி அறையை 15 நிமிடத்தில் 21, 22 டிகிரிக்குக் கொண்டுவந்தது. ஒரு டன் ஏசி என்பது மூன்றரைக் கிலோவாட், அதாவது மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டியிருக்கிறார்கள். அமுக்கும் பொறியோ உலோகத்தைவிடப் பல மடங்கு கனம், விடும்போது திரும்பக் கிடைக்கும் விசையை வீணாக்காமல் பிடிக்கவும் வேண்டும். படுக்கையறைச் சுவருக்கு வருமுன், சின்னப் பெட்டியைக் குளிர்விக்கும் இடங்களில்தான் இது முதலில் பிழைக்கும் என்று நினைக்கிறேன்.