முப்பது வயது ஸ்போர்ட்ஸ் கார்... பவர் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் என்ன செய்வார்கள்? பளபளக்கும் பெரிய அலாய் வீல், தெருவே திரும்பிப் பார்க்கும் சைலன்ஸர், பட்ஜெட் இடம் கொடுத்தால் ஒரு டர்போ!

ஆனால், அந்த காரைத் தயாரித்த கம்பெனியே அதைத் திரும்ப வாங்கி ரிப்பேர் செய்தால் என்ன செய்யும்? ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 2017-ல் இதற்கு ஒரு பதில் சொன்னது. தன்னுடைய முதல் தலைமுறை ரோட்ஸ்டர் காரை வைத்திருப்பவர்களுக்காக, பழைய நிலைக்கே காரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. மரத்தாலான ஸ்டீயரிங், துணிக்கூரை, கியர் நாப் என நின்றுபோன பாகங்கள் மறுபடி தயாராயின. அதில் ஆச்சரியம், டயர்தான். அந்தக் காலத்தில் காரோடு வந்த அதே 14 அங்குல டயரை, அதே பட்டன் வடிவத்தில் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் மீண்டும் செய்து கொடுத்தது.

17, 18 அங்குல வீல்கள் சர்வசாதாரணமாகிவிட்ட காலத்தில், எதற்காக ஒரு குட்டி டயரை மெனக்கெட்டுத் திரும்பச் செய்தார்கள்? அதைப் புரிந்துகொண்டால், பழைய காரில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை மாற்றலாம் என்பதும் புரிந்துவிடும்.

சின்ன இன்ஜின்... பெரிய பெயர்!

1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது இந்த இரண்டு சீட் கார். அமெரிக்காவில் இதன் பெயர் மியாட்டா. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். ஐரோப்பாவில் எம்.எக்ஸ்-5. பகலில் மூடிக்கிடந்து, இரவில் தவளைக் கண்போல எழும்பி நிற்கும் ஹெட்லைட்தான் இதன் அடையாளம்.

இன்ஜின் வெறும் 1.6 லிட்டர். நான்கு சிலிண்டர், 16 வால்வு. அமெரிக்காவில் விற்ற கார்களில் 116 ஹெச்.பி. பவர். இன்றைக்குச் சாதாரண குடும்ப கார்களே இதைத் தருகின்றன. ஆனால், காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அந்த எடையும் முன் பின் சக்கரங்களுக்குக் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்திருக்கும். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்பதுதான் இதை வடிவமைத்தவர்களின் தாரக மந்திரம்.

அந்த மந்திரம் பலித்தது. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. 2016-ல் 10 லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை கார்கள் எல்லாமே இப்போது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டன. இந்த வயதில் ஒரு காருக்குத் தேவை வைட்டமின் அல்ல, முழு உடல் பரிசோதனை!

பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே அர்த்தம்!

இன்ஜினில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?’ என்பதுதான். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும், கீழே பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது இந்த ரப்பர் பெல்ட். சுமார் 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதை மாற்ற வேண்டும் என்பது அமெரிக்க கார்களுக்கான கம்பெனி கணக்கு. கார் ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். எனவே, மாற்றியதற்கான பில்லை விற்பவர் காட்டாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த 1.6 லிட்டர் இன்ஜினில் ஒரு நிம்மதி உண்டு. பெல்ட் அறுந்தால் கார் நின்றுவிடும். ஆனால், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. வேறு பல இன்ஜின்களில் அப்படியில்லை. பெல்ட் அறுந்த அடுத்த நொடியே வால்வுகள் வளைந்து, இன்ஜினையே இறக்கவேண்டிய செலவு வந்துவிடும்.

பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப்பையும், கேம், கிராங்க் ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவார்கள் அனுபவசாலி மெக்கானிக்குகள். காரணம் எளிது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தைத்தான் பிரிக்க வேண்டும். தனித்தனியாகச் செய்தால் கூலியும் தனித்தனி!

1991 நடுப்பகுதிக்கு முன்பு வந்த கார்களில் இன்னொரு விஷயம். கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை கொஞ்சம் குட்டை. அதன் போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் மாட்டாவிட்டால், புல்லி லேசாக ஆட ஆரம்பிக்கும். நாளடைவில் அதைப் பிடித்திருக்கும் சாவித்துண்டும் காடியும் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்ட்டே வீணாகும். பெல்ட் மாற்றும் வேலையை அவசரமாகச் செய்வதால்தான் இந்த வியாதி பெரும்பாலும் தொடங்குகிறது. புல்லியின் நடுப்பகுதியில் நான்கு காடிகள் இருந்தால் குட்டை வகை, எட்டு இருந்தால் பிறகு வந்த நீள வகை. வாங்கும்போதே டார்ச் அடித்து எண்ணிவிடலாம்.

ரேடியேட்டர் சொல்லும் சேதி!

பானெட்டைத் திறந்ததும் ரேடியேட்டரின் மேல்பக்க பிளாஸ்டிக் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். புதிதில் கறுப்பாக இருக்கும். வெப்பத்தில் வெந்து வெந்து பழுப்பாகிவிட்டால், பிளாஸ்டிக் உளுத்துவிட்டது என்று பொருள். அது எந்த நாளும் விரிசல் விடலாம். கூலன்ட் வெளியேறி இன்ஜின் கொதித்துவிட்டால், சிலிண்டர் ஹெட்டே வளைந்துபோகும். ஒரு ரேடியேட்டரின் விலையோடு முடியவேண்டிய செலவு, பல மடங்காகிவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று தையல் மெஷின் போலச் சத்தம் வருகிறதா? பயப்பட வேண்டாம். வால்வுகளுக்கு மேலே ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் சின்னஞ்சிறு பாகங்கள் இருக்கின்றன. பழைய ஆயில் கெட்டியாகி, அவற்றுக்குள் போகாததால் வரும் சத்தம் அது. நல்ல ஆயிலை உரிய காலத்தில் மாற்றிவந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். இன்ஜினின் பின்பக்கம் ஆயில் கசிந்தால், கேம் சென்சாரில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம்தான் முதல் சந்தேகம். அதைப் பார்க்காமல் இன்ஜினையே பிரிக்கச் சொன்னால், வேறு மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பேட்டரி இந்த காரில் டிக்கிக்குள் இருக்கிறது. கம்பெனி கொடுத்தது மூடிய வகை பேட்டரி, வாயு வெளியேறத் தனிக் குழாயும் உண்டு. விலை குறைவு என்று சாதாரண ஆசிட் பேட்டரியை வைத்தால், ஆசிட் ஆவி டிக்கியின் தகட்டை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

இப்போது பவர் பற்றிப் பேசலாம்!

மேலே சொன்ன எல்லாம் முடிந்தபிறகுதான் ‘அப்கிரேடு’ என்ற வார்த்தைக்கே வர வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு சோதனை: கம்ப்ரெஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு அழுத்தம் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால், ரிங்கோ வால்வோ களைத்துவிட்டது. அந்த இன்ஜினில் டர்போ மாட்டுவது, மூச்சு வாங்குபவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது மாதிரி!

ஏர் ஃபில்டர், சைலன்ஸர் மாற்றத்தால் சத்தம் கூடும் அளவுக்குப் பவர் கூடுவதில்லை. புது ஸ்பார்க் பிளக், புது பிளக் வயர், சுத்தமான இன்ஜெக்டர் ஆகியவை தொலைந்துபோன பவரைத் திரும்பக் கொடுக்கும். செலவும் குறைவு. இக்னீஷன் டைமிங்கை 10 டிகிரியிலிருந்து கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதற்கு உயர்தரப் பெட்ரோல் வேண்டும். ‘நாக்கிங்’ சத்தம் வந்தால் அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் சென்சார் இந்த 1.6 இன்ஜினில் கிடையாது. ஓட்டுபவரின் காதுதான் சென்சார்!

டர்போ என்றால் அது தனி ஒரு பாகம் அல்ல, ஒரு சங்கிலி. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், அதற்குப் பெரிய இன்ஜெக்டரும் புது கம்ப்யூட்டரும் வேண்டும். அடுத்து கிளட்ச் வழுக்கும். அடுத்து வெப்பம். இந்த இன்ஜின், முன்சக்கரத்தால் ஓடும் மாஸ்டா காரில் குறுக்குவாட்டில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நெடுக்குவாட்டில் திருப்பி வைத்தபோது, கூலன்ட் உள்ளே போவது, வெளியே வருவது இரண்டுமே முன்பக்கம் என்றாகிவிட்டது. அதனால் பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. சாதாரண ஓட்டத்தில் இது தெரியாது. டர்போ மாட்டியவர்கள் கூலன்ட் வெளியேறும் வழியைப் பின்பக்கமாக மாற்றிவிடுவது இதனால்தான்.

கொஞ்சம் கூடுதல் பவர் போதும் என்பவர்களுக்கு எளிய வழி, 1994 மாடலிலிருந்து வந்த 1.8 லிட்டர் இன்ஜின். அதே குடும்பம் என்பதால் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். அந்த காரின் டிஃபரன்ஷியலும் பலமானது. இன்னும் முக்கியம், பிரேக். 1.6 காரின் முன் டிஸ்க் 235 மி.மீ., 1.8 காரில் 255 மி.மீ. இதைப் பழைய காரிலும் மாட்டலாம், 14 அங்குல வீலுக்குள்ளேயே அடங்கும். இன்ஜினைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மாற்றியவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை. பிரேக்கைத் தொடாமல் இன்ஜினை மாற்றுவதுதான் ஆபத்து.

வீல்: கண்ணுக்கா, காருக்கா?

இப்போது அந்த 14 அங்குல ரகசியத்துக்கு வருவோம். கம்பெனி கொடுத்த டயர் அளவு 185/60 ஆர்14. கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 578 மி.மீ. பலரும் விரும்பும் 15 அங்குல மாற்று, 195/50 ஆர்15. அதன் உயரம் 576 மி.மீ. வித்தியாசம் வெறும் 2 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர், கியர் கணக்கு எதுவும் கெடாது. டயர் வகைகளும் நிறைய கிடைக்கும்.

அழகுக்காக 205/40 ஆர்17 போட்டால் உயரம் 596 மி.மீ. ஆகிவிடும், அதாவது 3 சதவிகிதம் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது கார் 103-ல் போகும். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசலாம். டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடுவதால் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ரிம்மே அடிவாங்கும். எடையும் கூடும். வீலின் எடை, காரின் மற்ற எடை மாதிரி அல்ல. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது, கூடவே சுழலவும் வேண்டும். அதைச் சுழற்றவும் நிறுத்தவும் இன்ஜினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். லட்ச லட்சமாகச் செலவழித்து ஏற்றிய பவரை, கனமான வீல் தின்றுவிடும்!

வீல் வாங்கும்போது அங்குலம் மட்டும் பார்த்தால் போதாது. நான்கு போல்ட், அவற்றின் வட்டம் 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ. என்று எல்லாம் பொருந்த வேண்டும். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கேற்ற வளையம் போட வேண்டும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் 88 முதல் 118 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். காற்றும் அப்படித்தான். இந்த இலகுவான காருக்குக் கம்பெனி சொன்ன அளவு 26 பி.எஸ்.ஐ. மட்டுமே. பழக்கதோஷத்தில் 35 அடித்தால், டயரின் நடுப்பகுதி மட்டும்தான் சாலையைத் தொடும்.

பட்டன் இருக்கிறது... உயிர் இருக்கிறதா?

2013 நவம்பர் 30. கலிஃபோர்னியாவில் நடந்த கார் விபத்தில் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ நாயகன் பால் வாக்கரும், காரை ஓட்டிய நண்பரும் இறந்தார்கள். 2005 மாடல் போர்ஷே கரெரா ஜி.டி. அது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் போனதுதான் காரணம் என்றது விசாரணை. அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. காரின் டயர்களுக்கு ஒன்பது வயது. அது காரின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கலாம் என்றார்கள் அதிகாரிகள்.

ஆசைக்கு வைத்திருக்கும் கார்கள் குறைவாகவே ஓடும். பட்டன் தேயாது. ஆனால் உள்ளே ரப்பர் இறுகிக்கொண்டே போகும். டயரின் பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்து வருடங்களுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நிபுணரிடம் காட்ட வேண்டும், பத்து வருடமானால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்களின் ஆலோசனை. இது ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டுமல்ல, வீட்டு வாசலில் வாரக்கணக்கில் நிற்கும் எல்லா கார்களுக்கும் பொருந்தும். ஸ்டெப்னியையும் மறந்துவிடக் கூடாது.

எந்த வரிசையில் செலவு?

கையில் இருக்கும் பணத்தை முதலில் டயர், பிரேக்குக்கு ஒதுக்கலாம். அடுத்து டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள். மூன்றாவதாக ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ். இவை முடிந்து ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தபின், ‘இன்னும் பவர் வேண்டுமா’ என்ற கேள்வியைக் கேட்கலாம். செய்யும் மாற்றம் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் வீல் அளவை மாற்றினாலே முறையான அனுமதிச் சான்று வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் பலருக்கும் பவர் ஆசையே போய்விடுகிறது. புது டயர், நல்ல ஷாக் அப்சார்பர், தாளம் தப்பாத இன்ஜினோடு கார் 1989-ல் எப்படி ஓடியதோ அப்படி ஓட ஆரம்பித்திருக்கும். அந்த ஓட்டத்தைத் திரும்பக் கொடுக்கத்தான் அந்தக் குட்டி டயரை மறுபடியும் வார்த்தார்கள்!