‘பவரான’ மாத்திரை எது?

சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். அவருக்கு வயது 63. முட்டி வலி பத்தாண்டுப் பழக்கம். அந்த வாரம் சளியும் காய்ச்சலும் கூடச் சேர்ந்திருந்தன. டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே கத்தரியால் வெட்டிய மாத்திரைத் துண்டுகள், மடித்த காகிதப் பொட்டலம், காலியான தைல பாட்டில். “இது முட்டிக்கு, காலையும் ராத்திரியும். இது சளிக்கு மூணு வேளை. இது காய்ச்சலுக்கு மூணு வேளை” என்று விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளின் பின்பக்கத்தைப் படித்தேன். முட்டி வலி மாத்திரையில் அசிக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் 325 மில்லிகிராம். சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500. காய்ச்சல் மாத்திரை முழுக்கப் பாராசிட்டமால்தான், 650. ஒரு நாளைக்கு எத்தனை என்று கூட்டினால் 650, 1,500, 1,950. மொத்தம் 4,100 மில்லிகிராம். ஆரோக்கியமான, வளர்ந்த ஆளுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000. வயதானவர்கள், மெலிந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் அதையும் குறைத்துத்தான் சொல்வார்கள்.

“ஏன்டா, எல்லாம் மெடிக்கல்ல குடுத்ததுதானே? ஒண்ணுகூட நான் அதிகமா போடலையே” என்றார் சித்தி. உண்மைதான். எந்த மாத்திரையையும் அவர் அதிகமாகப் போடவில்லை. ஒரே மருந்து மூன்று பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் சாதுவாகப் பக்குவப்படுத்தி சிறுநீரில் அனுப்பிவிடும். கொஞ்சம் மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதைக் குளூட்டாதயோன் என்கிற கல்லீரலின் சொந்தச் சரக்கு பிடித்து அடக்கிவிடும். அளவு மீறும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோகிறது. பிறகு நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. இதில் வஞ்சகமான விஷயம், முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும் என்பது. கல்லீரல் கெட்டது தெரியவர இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆகவே அளவு தாண்டியது தெரிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் அதற்கு முழுப் பலன்.

இத்தனைக்கும் பாராசிட்டமாலை நம் ஊரில் யாரும் பெரிய மருந்தாக மதிப்பதில்லை. “அது வேணாம், பவரானதா ஒண்ணு குடுங்க” என்ற குரலை எந்த மெடிக்கலிலும் சாயங்காலத்தில் கேட்கலாம். வலி மாத்திரைகளை மோட்டார் பம்பு மாதிரி அரைக் குதிரைத் திறன், ஒரு குதிரைத் திறன் என்று வரிசைப்படுத்திப் பார்க்கிறோம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. கேட்க வேண்டியது இரண்டு: இது எந்த மாதிரி வலி? வலிக்கிற ஆள் யார்?

உடம்பில் அடிபட்ட இடத்திலும் வீங்கிய இடத்திலும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. திருவிழா மைக் செட் போல, நரம்பு மெதுவாகச் சொல்லும் வலியைப் பெரிதாக்கிக் காட்டுவது இதுதான். ஆஸ்பிரின் இந்தச் சுரப்பைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டனைச் சேர்ந்த ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் அதற்குள் கடைக்கு வந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது! ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் எல்லாம் அதே குடும்பம். சிக்கல் என்னவென்றால், புரோஸ்டகிளாண்டின் வலிக்காக மட்டும் சுரப்பதில்லை. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது.

பாராசிட்டமால் தனிக் கட்சி. அது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கிறது. காய்ச்சலைக் குறைக்கும், சாதாரணத் தலைவலி, உடம்பு வலியைத் தணிக்கும். வீக்கத்தை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. வயிற்றையும் பொதுவாகத் தொந்தரவு செய்யாது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் முதலில் இதைக் கேட்பதே சரி.

இதை எழுதும்போது எனக்கு மழைக்காலம்தான் நினைவுக்கு வருகிறது. டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. ஆஸ்பிரின் தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்துவிடும். அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது ஏழு முதல் பத்து நாள், அது மீளாது. ஐபுபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டுபவை. ஆகவே என்ன காய்ச்சல் என்று தெரியாதவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலிக்கிறதே என்று ‘பவரானது’ தேடுவது டெங்குவில்தான் அதிகம். அங்கேதான் அது ஆகாது. காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் வீட்டில் இருக்கக் கூடாது. டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது.

ஆஸ்பிரின் குடும்பத்துக்கும் அதற்கே உரிய இடம் உண்டு. மாதவிடாய் வலியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையின் உட்சுவரே புரோஸ்டகிளாண்டினைச் சுரந்து தசையை இறுக்கிப் பிழிகிறது. வலியின் மூலம் அதுவாகவே இருப்பதால், அதைத் தடுக்கும் மெஃபெனமிக் அமிலமோ ஐபுபுரோஃபெனோ இங்கே பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கும். வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போடுவதில் பயன் குறைவு. தொடங்கும்போதே போட வேண்டும். “மாத்திரை போட்டா பிற்காலத்துல குழந்தை பிறக்காது” என்று பெண்பிள்ளைகளைப் பயமுறுத்துவதை இனியாவது நிறுத்தலாம். மெஃபெனமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் 2023இல் எச்சரித்தது. மாத்திரை போட்ட பிறகு சில வாரங்களுக்குள் தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கால் பிசகினால் மாத்திரையைவிட டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல தேர்வு. தடவிய மருந்தில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் கலக்கிறது. பல் வலிக்கு ஐபுபுரோஃபென் கேட்கும். ஆனால் சொத்தைப் பல் அப்படியேதான் இருக்கும்.

இனி, வலிக்கிற ஆள். அல்சர் இருந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் இந்த ஆஸ்பிரின் குடும்பத்தை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. “சாப்பிட்டுட்டுத்தானே போடறேன்” என்பது பாதிப் பாதுகாப்புகூட இல்லை. மருந்து ரத்தத்தின் வழியாகவும் இரைப்பைச் சுவருக்குப் போய்ச் சேரும். இதனால்தான் ஊசியாகப் போட்டாலும் வயிறு தப்பாது.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் சாப்பிடுபவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருக்கும்போது வலி மாத்திரை தொடர்ந்து உள்ளே போனால், சிறுநீரகத்துக்கு ரத்தம் மூன்று வழியிலும் சுருங்கும். நாள் முழுக்க வெயிலில் நாற்று நட்டோ, கல் சுமந்தோ தண்ணீர் வற்றிய உடம்போடு ராத்திரி கை கால் குடைச்சலுக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறவர்களுக்கும் அபாயம் உண்டு.

டைக்ளோஃபெனாக் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி வானத்தில் இருந்தது. அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கொத்துக் கொத்தாக மடிந்தன. காரணம் 2004இல்தான் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதை இந்தியா தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போகத் தொடங்கவே, 2015இல் அவற்றை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். வழக்கு வந்தபோது சென்னை உயர் நீதிமன்றமும் அந்தக் கட்டுப்பாட்டை ஆதரித்தது. மிச்சமிருக்கும் கழுகுகளில் சில நீலகிரிக்குப் பக்கத்தில் மோயாறு பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு சுலபத்தில் மடங்காது என்பது நம் அதிர்ஷ்டம். சட்டப்படி மனிதருக்கும் டைக்ளோஃபெனாக் மருந்துச் சீட்டோடுதான் விற்கப்பட வேண்டும். நடைமுறை உங்களுக்கே தெரியும்.

குழந்தைகளுக்குக் கணக்கு வயதில் இல்லை, எடையில். கிலோவுக்கு ஒரு வேளை 10 முதல் 15 மில்லிகிராம் பாராசிட்டமால். 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150. அதே பெயரில் சொட்டு மருந்தும் சிரப்பும் விற்கின்றன: சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம், சிரப்பிலோ 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 250. சிரப் நினைப்பில் சொட்டு மருந்தை 5 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம்! குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழ் 2011இலேயே தடை செய்யப்பட்டது.

சில வலிகளை மாத்திரையால் அமுக்கப் பார்ப்பதே தப்பு. நெஞ்சை அழுத்தி இடது தோளுக்கோ தாடைக்கோ ஏறும் வலியை ‘வாயு பிடிப்பு’ என்று சொல்லித் தைலம் தேய்த்து, சோடா குடித்து நேரம் போனவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் உண்டு. அதற்கு 108தான் மருந்து. இடி விழுந்ததுபோலத் திடீரென்று வரும் தலைவலிக்கும் அப்படியே. மாதத்தில் பாதி நாள் தலைவலி மாத்திரை போடுகிறவர்களுக்கு, சில மாதங்களில் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும்.

சித்தியின் டப்பாவில் மூன்றில் ஒரு அட்டையின் பெயர் பாதி வெட்டுப்பட்டிருந்தது. காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிட்டது. அடுத்த முறை நாலு மாத்திரை வாங்கினாலும், மருந்தின் பெயரும் அளவும் தேதியும் அச்சிட்ட துண்டையே கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் அங்கேயே நின்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.