மாஸ்கோவுக்குப் போன அணு ரகசியம்

கியோர்கி ஃபிளியோரவ் 1942-இல் சோவியத் விமானப்படையில் இளநிலை அதிகாரி. போருக்கு முன் அவர் இயற்பியலாளர். யுரேனிய அணு யாரும் தூண்டாமல் தானாகவே பிளவுபடுவதுண்டு என்பதை 1940-இல் பெத்ர்ஷாக் என்பவருடன் சேர்ந்து கண்டறிந்தவர். வரோனெஷ் நகரில் பணியில் இருந்தபோது, தங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி வெளிநாட்டார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க, அங்கிருந்த பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்விதழ்களைப் புரட்டினார். ஒன்றுமே இல்லை. அணுப்பிளவு என்ற பொருளே அமெரிக்க, பிரிட்டிஷ் இதழ்களிலிருந்து மறைந்திருந்தது. அத்துறையில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்த பெரிய பெயர்கள் எதையும் காணோம். அவர்கள் எல்லாரும் குண்டு செய்யப் போய்விட்டார்கள் என்று ஊகித்த ஃபிளியோரவ், ஏப்ரல் மாதம் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். ரகசியம் காக்கப் போட்ட பூட்டே ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது.

சோவியத் உளவுத்துறைக்கு விஷயம் முன்பே தெரியும். யுரேனியம் 235-ஐப் பிரித்தெடுத்தால் குண்டு செய்ய முடியும் என்று பிரிட்டனின் மாட் குழு 1941 கோடையில் தயாரித்த அறிக்கை, அந்த ஆண்டே லண்டனிலிருந்து மாஸ்கோ போய்ச் சேர்ந்தது. ஆனால் ஜெர்மானியப் படை மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. காகிதங்கள் கிடப்பில் விழுந்தன. ஸ்டாலின்கிராட் போர் முடிந்த பிறகு, 1943-இல்தான் இகோர் குர்ச்சாத்தவ் அணுத்திட்டத்தின் அறிவியல் தலைவரானார். அந்த மார்ச்சில் கிரெம்ளினில் உட்கார்ந்து உளவுத் தாள்களைப் படித்தார். அணு உலையில் உருவாகும் 94-ஆம் தனிமத்தையும், அதாவது புளுட்டோனியத்தையும், குண்டுக்குப் பயன்படுத்தலாம் என்ற வழி அவருக்கு அந்தத் தாள்களில்தான் புலப்பட்டது.

தாள்களை அனுப்பியவர்களில் முதன்மையானவர் கிளவுஸ் ஃபுக்ஸ். 1911-இல் ஜெர்மனியில் பிறந்தவர், கம்யூனிஸ்ட். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிரிட்டனுக்குத் தப்பினார். 1940-இல் பிரிட்டிஷ் அரசு அவரை எதிரிநாட்டார் என்று பிடித்து கனடா முகாமுக்கு அனுப்பியது. மறு ஆண்டே அதே அரசு அவரை பர்மிங்ஹாமில் இயற்பியலாளர் பையர்ல்ஸின் அணு ஆய்வில் சேர்த்துக்கொண்டது. சேர்ந்த சில மாதங்களில் அவராகவே சோவியத் தரப்பைத் தேடிப்போனார். காசுக்காக அல்ல, கொள்கைக்காக. 1943 இறுதியில் நியூயார்க், 1944 ஆகஸ்டில் அமெரிக்க அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸ். அங்கே அவர் அதிகம் பேசாத, உதவும் குணமுள்ள மனிதர் என்று பெயர் எடுத்தார். சாகக் கிடந்த மனைவியைப் பார்க்கப் போக சக இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் இரவல் வாங்கியது ஃபுக்ஸின் காரைத்தான்.

அவர் லாஸ் அலமோஸுக்கு வந்த நேரம் முக்கியமானது. யுரேனிய குண்டின் அமைப்பு எளிது: ஒரு துண்டை இன்னொன்றின் மேல் பீரங்கிக் குழாய் வழியே சுட்டு, இரண்டும் சேரும்போது தொடர்வினை தொடங்கவைப்பது. புளுட்டோனியத்துக்கு இது பலிக்காது என்று இயற்பியலாளர் எமிலியோ செக்ரேயின் அளவீடுகள் 1944-இல் காட்டின. அணு உலையில் புளுட்டோனியம் 239-உடன் 240-உம் கொஞ்சம் கலந்தே உருவாகிறது. அது தானாகவே பிளந்து நியூட்ரான்களை உமிழும். துண்டுகள் முழுதாகச் சேருவதற்குள் வினை தொடங்கி, குண்டு அரைகுறையாகச் சிதறிப்போகும். யுரேனியத்தில் ஃபிளியோரவ் கண்ட அதே நிகழ்வுதான் இங்கே இடையூறாக நின்றது. மாற்றுவழி, புளுட்டோனியக் கோளத்தைச் சுற்றிலும் வெடிமருந்து வைத்து, எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கணத்தில் உள்நோக்கி அமுக்குவது. அந்த அழுத்தம் சீராகப் பரவ வேண்டும் என்பதே பெரிய சிக்கல். அதற்கான கணக்குகளைப் போட்ட கோட்பாட்டுப் பிரிவில்தான் ஃபுக்ஸ் வேலை பார்த்தார்.

1945 ஜூனில் சாண்டா ஃபே நகரில் ஒரு பாலத்தருகே ஹாரி கோல்டு என்ற தூதரைச் சந்தித்து, புளுட்டோனிய குண்டின் அமைப்பையும் அளவுகளையும் எழுதிக் கொடுத்தார். ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அந்தக் குண்டு முதன்முறையாக வெடித்தது. எட்டு நாள் கழித்து போட்ஸ்டாம் மாநாட்டில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் ஸ்டாலினிடம் புதிய ஆயுதம் ஒன்றைப் பற்றிப் பட்டும் படாமலும் சொன்னபோது ஸ்டாலின் முகத்தில் வியப்பு எதுவும் தெரியவில்லை. லாஸ் அலமோஸில் தியோடர் ஹால் என்ற பத்தொன்பது வயது இளைஞரும் தனியாகத் தகவல் தந்துகொண்டிருந்தார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆகவே ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. எவரையும் நம்பாத, ஸ்டாலினின் ரகசியக் காவல்துறைத் தலைவர் பெரியாவுக்கு இது தேவையாகவும் இருந்தது.

இதை வைத்துக்கொண்டு சோவியத் குண்டு முழுக்கத் திருட்டுச் சரக்கு என்பது மிகை. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருப்பதால் மட்டும் மாணவன் தேறிவிடுவதில்லை. உளவுத் தாள்களைப் பார்த்தவர்கள் குர்ச்சாத்தவ் உள்ளிட்ட மிகச் சிலர். மற்ற ஆய்வாளர்கள் ஒவ்வொரு அளவையும் தாங்களே மீண்டும் கண்டுபிடித்தார்கள். சோவியத் குண்டு தாமதமானதற்கு உண்மையான காரணம் யுரேனியப் பற்றாக்குறை. 1945-இல் தோல்வியுற்ற ஜெர்மனியில் இயற்பியலாளர் யூலி காரித்தன் குழு தேடிப் பிடித்த நூறு டன்னுக்கு மேற்பட்ட யுரேனிய ஆக்சைடு ஓராண்டை மிச்சப்படுத்தியது என்று குர்ச்சாத்தவே சொன்னதுண்டு. ஆய்வு உலை 1946 டிசம்பரில் இயங்கியது. யூரல் பகுதியில், கைதிகளின் உழைப்பும் சேர்த்துக் கட்டப்பட்ட உற்பத்தி உலை 1948-இல். 1949 ஆகஸ்ட் 29 அன்று செமிபலாட்டின்ஸ்கில் வெடித்த முதல் குண்டு அமெரிக்க அமைப்பின் நகல். காரித்தன் குழுவிடம் அதைவிட எடை குறைந்த, ஆற்றல் மிகுந்த சொந்த வடிவம் இருந்தும், தோற்றால் தலை போகும் என்பதால் நகலையே முதலில் சோதித்தார்கள். சொந்த வடிவம் 1951-இல் வெடித்தது. உளவு சோவியத் திட்டத்துக்கு மிச்சப்படுத்தியது ஓரிரு ஆண்டுகள் என்ற கணிப்பே பொருத்தமானது.

ஃபுக்ஸைப் பிடித்துக்கொடுத்தது சோவியத் குறியீட்டாளர்களின் அவசரம். ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத குறியீட்டுத் தாள்களைப் போர்க்கால நெருக்கடியில் இரட்டிப்பாக அச்சிட்டுவிட்டார்கள். வெனோனா என்ற பெயரில் அமெரிக்கர்கள் அந்தத் தாள்களால் குறியீடாக்கிய சோவியத் தந்திகளைப் பொறுமையாக உடைத்தபோது ஃபுக்ஸின் தடம் கிடைத்தது. 1950 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். குற்றம் நடந்த காலத்தில் சோவியத் ஒன்றியம் நட்பு நாடு என்பதால் அதிகபட்சத் தண்டனையே 14 ஆண்டுதான். 1959-இல் விடுதலையாகி கிழக்கு ஜெர்மனி சென்று, 1988-இல் இறந்தார். வெனோனாத் தந்திகளில் ஹாலின் பெயரும் இருந்தது. குறியீட்டை உடைத்த செய்தி நீதிமன்றத்தில் வெளிவருவதை அமெரிக்கா விரும்பவில்லை. 1999-இல் இங்கிலாந்தில் இறக்கும்வரை அவர்மீது வழக்கே தொடரப்படவில்லை.