கேஸ் கட்டு யாருக்குச் சொந்தம்? பீஸ் பாக்கிக்காக வக்கீல் பிடித்து வைக்கலாமா?

மதுரை:
திருநகர் 3-வது ஸ்டாப்பில் காலையில் பஸ்சுக்கு நிற்கிறவர்களைப் பாருங்கள். ஆபீஸ் போகிறவர் கையில் சாப்பாட்டுப் பை. கோர்ட்டுக்குப் போகிறவர் கையில் மஞ்சள் பை. அதற்குள் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா நகல்!

சாயந்திரம் திரும்பும்போது மஞ்சள் பை காலி. கேட்டால், "எல்லாம் வக்கீலய்யாகிட்ட இருக்கு" என்பார்.

கொடுத்தது திரும்பி வருமா? பெரும்பாலும் வரும். ஆனால் இருவருக்கும் மனஸ்தாபம் வந்து, வேறு வக்கீலைப் பார்க்க நினைத்தால்? "பாக்கியைக் கட்டிட்டு கட்டை எடுத்துட்டுப் போங்கண்ணே" என்று பதில் வந்தால்? அங்கேதான் சிக்கல்.

வங்கிக்கே வந்த வம்பு

சாதாரண ஆளுக்கு மட்டுமல்ல, ஒரு வங்கிக்கே இந்த வம்பு வந்தது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கி 1990-ல் ஒரு வக்கீலை சட்ட ஆலோசகராக வைத்தது. 1993-ல் அவரை நிறுத்தியது. "எங்கள் கட்டுகளைக் கொடுங்கள்" என்று கேட்டது.

வக்கீல் நீட்டியது பில்! தொகை ரூ.97,100. பணம் வந்தால்தான் கட்டு வரும் என்றார்.

வங்கி பார் கவுன்சிலில் புகார் செய்தது. இந்திய பார் கவுன்சில் அவருக்கு 18 மாதம் தொழில் செய்யத் தடை போட்டது. ரூ.1,000 அபராதமும் விதித்தது. வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

2000-ம் ஆண்டு நீதிபதிகள் கே.டி.தாமஸ், ஆர்.பி.சேத்தி தீர்ப்புச் சொன்னார்கள். கேஸ் கட்டு விற்கிற சரக்கு அல்ல. பீசுக்காக அதைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. பாக்கி இருந்தால் சட்டப்படி வசூலிக்கட்டும். கட்சிக்காரர் கேட்டும் தராமல் இருப்பது தொழில் ஒழுங்கீனம்!

ஆனால் அதுவரை இதுபற்றித் தெளிவான தீர்ப்பு இல்லாததால், தண்டனையைக் கண்டனத்தோடு நிறுத்தினார்கள்.

சொலிசிட்டர் காலத்து வழக்கம்

பிடித்து வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் கட்சிக்காரரைப் பார்த்து, காகிதம் தயாரிப்பவர் சொலிசிட்டர். பெரிய கோர்ட்டில் ஏறி வாதாடுபவர் பாரிஸ்டர். பீஸ் வரும்வரை காகிதங்களைப் பிடித்து வைக்க சொலிசிட்டருக்கு அங்கே நெடுங்காலமாக உரிமை உண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தா, பம்பாய் ஐகோர்ட்டுகளிலும் இந்த இரட்டை முறை இருந்தது. இங்கே அவர்களுக்குப் பெயர் அட்டர்னி. 1961-ல் வக்கீல்கள் சட்டம் வந்தது. 1976-ல் வந்த திருத்தம் அட்டர்னி என்ற தனி வகுப்பையே எடுத்துவிட்டது. இன்று காகிதம் வாங்குபவரும் வாதாடுபவரும் ஒருவரே. அதனால் அவரிடம் கொடுப்பதைக் கணக்கோடு கொடுப்பது நல்லது.

புகார் எங்கே?

மதுரைக்கு ஐகோர்ட் கிளை 2004-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வக்கீல் மீது ஒழுங்கு நடவடிக்கை கேட்டால், சென்னை ஐகோர்ட் வளாகத்தில் உள்ள தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத்தான் மனுப் போட வேண்டும். குற்றம் நிரூபணமானால் கண்டிக்கலாம், கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம், பெயரையே பட்டியலில் இருந்து நீக்கலாம். ஓராண்டில் விசாரணை முடியாவிட்டால் விவகாரம் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும்.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? போக முடியாது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பண நஷ்டம் கேட்க சிவில் வழக்குதான் வழி.

வக்கீலை மாற்றவும் முறை உண்டு. பழைய வக்கீலின் சம்மதம் வேண்டும். அவர் தராவிட்டால், காரணத்தைச் சொல்லி கோர்ட்டில் அனுமதி வாங்கிப் புதியவர் ஆஜராகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையை வாங்கிக்கொண்டு பீசுக்கு நாமம் போடும் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். தீர்ப்பு அவர்களுக்குக் கொடுத்த சலுகை அல்ல. கடன் கடன்தான்!

ஆகவே அடுத்த முறை மஞ்சள் பையோடு கிளம்பும்போது ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துப் போங்கள். கொடுக்கிற காகிதங்களை வரிசையாக எழுதி, கீழே தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்குங்கள். பணத்துக்கு ரசீது, பத்திரத்துக்கு வீட்டில் ஒரு நகல். நல்ல வக்கீல் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், பத்திரம் இன்னும் உங்கள் பையில்தானே இருக்கிறது!