நீர் ஏறும் நேரம் பார்த்து

பினாங்குக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கொடிமலைக்குத்தான் போகிறார்கள். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில், அடிவாரத்தில் 1884இல் அமைத்த தாவரவியல் பூங்கா, மேலே அடர்ந்த காடு. 2021இல் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தண்ணீர்மலை முருகனைக் கும்பிட வருகிறவர்கள் அப்படியே பூங்காவுக்குள்ளும் நடந்துவிட்டு வரலாம். தேன்சிட்டுக்கும் மீன்கொத்திக்கும் குறைவில்லை.

ஜோர்ஜ்டவுனில் தமிழ்நாட்டுப் பயணிக்குக் குயில் கூவுவது புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஒரு காலத்தில் இந்த நாட்டுக்குக் குயில் வலசை வந்து திரும்பும் விருந்தாளி மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்களைக் கொண்டுவந்தார்கள். காகம் பெருகிப் பரவியது. முட்டையிடக் கூடு கிடைத்ததும் குயிலும் இங்கேயே தங்கிவிட்டது.

மாநிலத்தின் பெரும் பறவைச் செல்வத்தைக் காண, பெர்ரி ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை நீளும் சேற்றுக் கடற்கரையை பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் முக்கியப் பறவை வாழிடங்களுள் ஒன்றாகக் கணக்கில் வைத்திருக்கிறது. அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்து வரை நீளும் கிழக்காசிய வலசைப் பாதையில் ஏறத்தாழ 5 கோடி நீர்ப்பறவைகள் பயணம் செய்கின்றன. அவற்றுள் பல இரை தேடி இறங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டங்கூட்டமாக வரும். ரஷ்யாவின் தூரகிழக்குக் கரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் நார்ட்மன் பச்சைக்காலி, உலகில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் எஞ்சியிருக்கும் பறவை. அதைத் தேடியே இங்கு வருகிறவர்கள் உண்டு.

இங்கே கேமராவின் விலையைவிட ஏற்ற வற்ற அட்டவணைதான் முக்கியம். நீர் வற்றினால் சேறு வெகுதூரம் விரிந்து, பறவைகள் புள்ளிகளாகிவிடும். நீர் ஏற ஏற, அவை இரையைத் தொடர்ந்து கரைப்பக்கம் தள்ளி வரும். அதற்குச் சற்று முன்பே ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், நானூறு மில்லிமீட்டர் லென்ஸே போதும். பினாங்கில் பொழுது விடிய ஏழு மணி தாண்டிவிடும். வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் அலைந்து, எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் கலங்கிவிடும். காலை வெளிச்சமும் நீரேற்றமும் ஒன்றுசேரும் நாளைத் தேர்ந்து வைத்துக்கொள்வதே கெட்டிக்காரத்தனம். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்ததும் லென்ஸில் நீர் பூத்துவிடும். அதனால் பையைத் திறக்காமல் வெளியே வைத்து, கேமரா வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகே எடுக்க வேண்டும்.

நீர் முழுக்க ஏறியபின் பறவைகள் ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும். பறக்கும் படம் வேண்டும் என்று அப்போது கூட்டத்தை எழுப்பிவிடுகிறவர்களை மன்னிக்கவே முடியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்கு உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை அந்த வீண் பறத்தலில்தான் அவை எரிக்கின்றன. கூட்டருகே போவதும், கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே வகைத் தொல்லைதான்.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை பருவம். கடைசி இரு மாதங்கள் தனிச்சிறப்பு: அதுவரை சாம்பல் நிறத்தில் ஒன்றுபோல் தெரிந்த பல உள்ளான்கள் வடக்கே புறப்படுமுன் செங்கல் நிறமும் கருமையும் பூண்டு, அடையாளம் காண எளிதாகிவிடும்.

நீர் வற்றிய பிற்பகலுக்கு செபராங் பிறையின் உட்பகுதியில் ஆயர் ஹீத்தாம் டாலாம் கல்விக் காடு இருக்கிறது. ஆற்றோரச் சதுப்புக்காடு அது. அலையாத்திக் காட்டு நீல ஈபிடிப்பானும், தடித்த செவ்வலகு கொண்ட பெரிய மீன்கொத்தியும் அங்கே கண்ணில் படும். மர நிழலில் ஐஎஸ்ஓவை உயர்த்தி வைத்துக்கொண்டு, கொசுத் தைலமும் பூசிக்கொண்டு போக வேண்டும்.