சிறிய கேமராவுடன் செக் ஜாவாவில் ஒரு நாள்

கடற்கரைப் படம் என்றாலே சூரிய அஸ்தமனம்தான் என்று நினைக்கும் இளையர்கள், புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவுக்கு ஒருமுறை சென்று வரலாம்.

பல்கலைக்கழக விடுமுறையில் நானும் இரு தோழிகளும் சாங்கி முனையில் படகேறினோம். கையில் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய கேமரா மட்டுமே. கடல் மட்டம் 0.5 மீட்டருக்கும் கீழே இறங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தோம். அப்போதுதான் மணல்திட்டும் கடற்புல்லும் வெளியே தெரியும்.

சதுப்புநிலப் பகுதியில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டுகளைக் கண்டோம். நிழல் விழுந்தாலே வளைக்குள் ஓடிவிடும். அசையாமல் காத்திருந்தால் மீண்டும் எட்டிப் பார்க்கும். கேமரா கனமில்லாததால், கை வலிக்காமல் காத்திருக்க முடிந்தது.

2001ல் இங்கு நிலமீட்புப் பணி தொடங்கவிருந்தது. இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் இங்குள்ள உயிரினங்களைப் படமெடுத்து, பதிவுசெய்து, அவற்றின் அருமையை எடுத்துரைத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஒத்திவைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை. ஆகவே, நாம் எடுக்கும் படங்களில் தேதியையும் இடத்தையும் குறித்து வைப்போம். அழகுக்காக எடுத்த படம் நாளை சாட்சியாகலாம்.